வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை: உடைந்த துடுப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை பினாங்கு ஜார்ஜ்டவுனில் கூடும் வழக்கம் இவ்வாண்டும் தொடர்ந்தது. தீபாவளி மாதம் மட்டும் கூட்டம் இல்லை. சந்தா பாக்கி பற்றிப் பொருளாளர் தனியே சொல்வார். சரி, இவ்வாண்டு நம்மை அதிகம் பேசவைத்த நாவலுக்கு வருகிறேன்.

மார்க் டுவைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' 1884 கடைசியில் இங்கிலாந்திலும் 1885இல் அமெரிக்காவிலும் வெளிவந்தது. குடிகாரத் தகப்பனிடமிருந்து தப்பிய சிறுவன் ஹக்கும், தன்னை விற்றுவிடுவார்கள் என்று அஞ்சி ஓடிவந்த அடிமை ஜிம்மும் மிசிசிப்பி ஆற்றில் ஒரே தெப்பத்தில் போகிறார்கள். ஒரே கூட்டத்தில் பேசி முடித்துவிடலாம் என்று எடுத்தோம். மூன்று கூட்டங்கள் ஆயின.

முதல் கூட்டம் மூடுபனிக் காட்சியிலேயே நின்றுவிட்டது. இரவில் ஹக்கின் சிறுபடகும் தெப்பமும் பிரிந்துபோகின்றன. கூவிக் கூவிக் களைத்த ஜிம் தூங்கிவிடுகிறான். திரும்பி வந்த ஹக், எல்லாம் நீ கண்ட கனவு என்று விளையாட்டாக நம்பவைக்கிறான். பிறகு தெப்பத்தில் கிடக்கும் இலைக்குப்பையும் உடைந்த துடுப்பும் ஜிம்மின் கண்ணில் படுகின்றன. உன்னை இழந்துவிட்டேன் என்று நெஞ்சு உடைந்து கிடந்தேன், நீயோ என்னை முட்டாளாக்கப் பார்த்தாய். சிநேகிதனைத் தலைகுனிய வைப்பவனும் இந்தக் குப்பையும் ஒன்றுதான் என்று இடித்துரைத்துவிட்டு எழுந்து போகிறான். ஓர் அடிமையிடம் போய்ப் பணிந்து மன்னிப்புக் கேட்க ஹக்குக்குக் கால்மணி நேரம் ஆகிறது. ஆனால் கேட்கிறான்.

இந்த இடத்தை வாசித்த ஐந்தாம் படிவ மாணவி, "அந்தக் கால்மணி நேரம் அவன் என்ன செஞ்சிருப்பான், ஐயா?" என்று கேட்டார். யாருக்கும் சட்டென்று பதில் வரவில்லை.

இரண்டாம் கூட்டத்தில் கடிதத்தைப் பற்றிப் பேசினோம். ஜிம் இருக்குமிடத்தை அவன் எஜமானிக்கு ஹக் எழுதிவிடுகிறான். அன்றைய சட்டமும் கோயிலும் ஊரும் அதைத்தான் சரி என்றன. அப்புறம், தன்னை எழுப்பாமல் தன் காவல் முறையையும் சேர்த்துப் பார்த்த ஜிம் நினைவுக்கு வருகிறான். நரகம் போனாலும் போகட்டும் என்று ஹக் கடிதத்தைக் கிழித்துப்போடுகிறான்.

கடைசிப் பகுதியைப் பலர் குறை சொன்னார்கள். எனக்கும் அது வருத்தம்தான். எஜமானி உயிலில் ஜிம்மை விடுவித்துவிட்டது ஹக்கின் நண்பன் டாம் சாயருக்குத் தெரியும். தெரிந்தும் சாகசத்துக்காக மறைத்து, பிடிபட்ட ஜிம்மை அடைபட்டுக் கிடக்க விடுகிறான். ஹக்கின் பக்கத்தில் டாமை நிறுத்திப் பார்த்தபோது மூன்றாம் கூட்டம் நெடுநேரம் நீண்டது.

அடுத்ததைப் பதிவு செய்யச் செயலவை ஒப்புக்கொண்டிருக்கிறது. முன்பு நம் கணக்கில் பணம் குறைகிறது என்று புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பேச்சு எழுந்தது. மண்டப முன்பண ரசீது வேறு கோப்பில் இருந்தது, அவ்வளவுதான். கண்டெடுத்தவன் நான். ஆனாலும் முன்னாள் பொருளாளர் ஐயாவிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை; நானும் சொல்லவில்லை. அவர் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார். ஹக்கின் கால்மணி நேரம் நமக்கு இரண்டு ஆண்டுகளாக நீண்டிருந்தது.

மூன்றாம் கூட்டம் முடிந்த வாரம் தலைவரும் நானும் ஐயாவைப் பார்க்கப் பெரி (பயணிகள் கப்பல்) ஏறி அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் போனோம். பழைய பெரியில் கார்கள் ஏறும். 2020 கடைசியோடு அது போயிற்று. இப்போது மோட்டார் சைக்கிள்களும் சைக்கிள்களும் ஆட்களும்தான். அந்தக் கொஞ்ச நேரப் பயணத்தில் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

"வாங்க தம்பி, வெயில்ல நிக்காதீங்க" என்று ஐயா கேட்டைத் திறந்தார். ரசீதை மேசையில் வைத்து மன்னிப்புக் கேட்டேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு தேதியைப் பார்த்தார். "இதத்தான்பா அன்னைக்கு அலமாரி பூரா தேடினேன்" என்றார்.

இவ்வாண்டுக் கணக்கை உட்கணக்காய்வாளராக அவரே சரிபார்த்துத் தந்திருக்கிறார். பொருளாளர் அதை அடுத்து வாசிப்பார். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி.

செயலாளர்