நத்தைகள் நலம்

பள்ளத்தூர்
ஐப்பசி 12

அன்புள்ள சொக்குவுக்கு அப்பச்சி எழுதுவது. இங்கே நானும் ஆத்தாவும் நலம். நத்தைகளும் நலம். உன் நலத்தை நீதான் எழுத வேண்டும்.

போன் போட்டால், நீ இங்கே வைத்துவிட்டுப் போன கடல்நீர்த் தொட்டி எப்படி இருக்கிறது என்று கேட்கிறாய். சொல்லி முடிப்பதற்குள் "சரி அப்பச்சி, மீட்டிங்" என்கிறாய். அதனால்தான் காகிதம் எடுத்தேன்.

தொட்டிக் கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது. ஆத்தாவுக்கு அதில் சந்தோஷம், எனக்கு இல்லை. பச்சை அப்பிக் கிடந்த நாளில் கணக்குப் பண்ணி, பாசி தின்கிற டர்போ நத்தை 15 விட்டாய். இப்போது 11 வாய் இருக்கிறது, பாசிதான் இல்லை. கண்ணாடி முழுக்க ஊர்ந்தவை ஒரே மூலையில் ஒட்டிக் கிடந்தன. பசித்தால் கேட்கத் தெரியாத பிராணி, நாம்தான் பார்க்க வேண்டும். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய்தானே?

உப்பும் எண்ணெயும் சேராத அந்த நோரிப் பொட்டலத்தை, அதுதான் காய்ந்த கடல்பாசித் தாளை, பிரித்தேன். இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, சின்னக் கல்லில் ரப்பர் பேண்டு போட்டு, விளக்கை அணைத்த பிறகு அடியில் வைக்கிறேன். வாரத்துக்கு இரண்டு தடவை. முதலில் ஒன்றும் சீண்டவில்லை. மூன்றாம் தடவை விடிகாலையில் பார்த்தால், முதல் பந்திக்கு முந்துகிற மாதிரி ஒன்றின் மேல் ஒன்று! மிச்சத்தைக் காலையிலேயே எடுத்துவிடுகிறேன். விட்டால் அழுகித் தண்ணீர் கெடும், பாசி நூல்நூலாகக் கிளம்பும். மல்லாந்து கிடப்பதைத் திருப்பி வைப்பதும் என் வேலைதான். மணலுக்குள் இருக்கிற நசாரியஸ் நத்தை நோரியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இறால் துணுக்குப் போட்டால் மட்டும் துதிக்கை மாதிரி ஒன்றை நீட்டிக்கொண்டு மேலே வருகிறது. செவ்வாய், வெள்ளி கிடையாது. இந்த வீட்டில் இருந்தால் இந்த வீட்டு முறை.

வருகிறவர்களை எல்லாம் பட்டாலைக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறேன். உப்பை எடைபோட்டுக் கரைத்துக் கடல் செய்தவன் என் மகன் என்கிறேன். கடல் செய்யத் தெரிந்தவனுக்கு இருபது நாளாக ஒரு போன் செய்யத் தெரியவில்லை. பினாங்கிலிருந்து ஐயா போட்ட கடிதம் கப்பலில் வந்தும் இதைவிடச் சீக்கிரம் வந்தது. வள்ளிக்குப் போட்டால் எடுப்பதில்லை. நீ எடுக்கும்போது பின்னால் அவள் குரலும் கேட்பதில்லை. வேலை அதிகமாக இருக்கும். வேளைக்குச் சாப்பிடு.

துறவி நண்டு ஒன்று நத்தையைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஓட்டுக்காகத்தான். செத்த நாலு நத்தையின் ஓட்டையும் கொதிக்க வைத்துப் போட்டேன், ஒன்றில் குடி புகுந்துவிட்டது.

அந்த நாலு பற்றி ஒன்று சொல்ல வேண்டும் தம்பி. ஆவணியில் கரண்ட் போனதால் செத்தது என்றேன். கரண்ட் போகவில்லை. வற்றுகிற தண்ணீருக்கு ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று எழுதி வைத்திருந்தாய். கேன் வரவில்லை. வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் இருக்கிற அப்பத்தாவின் செப்புக் குடத்தில் ராத்திரி வைத்த தண்ணீரை, நாம் குடிப்பதுதானே என்று ஒரு வாரம் ஊற்றினேன். நமக்கு நல்லது, நத்தைக்கு விஷம். தண்ணீர் வற்றினாலும் செம்பு வற்றாது. செம்பு படக்கூடாது என்று நாலாவது வரியில் நீ அடிக்கோடு போட்டிருந்தாய். மூக்குக்கண்ணாடி போடாமல் படித்துவிட்டேன் என்று எழுத வந்தேன். அதுவும் பொய். படிக்கவே இல்லை. எனக்குத் தெரியாததா என்று மடித்து வைத்துவிட்டேன். நாற்றம் வந்த பிறகுதான் பிரித்தேன். பாதித் தண்ணீரை மாற்றி, கரிப் பை போட்டு, மற்றதைக் காப்பாற்றினேன்.

நீ போனில், "என் தப்பு அப்பச்சி, புதுத் தண்ணீருக்குச் சரியாகப் பழக்காமல் விட்டுவிட்டேன்" என்றாய். மூன்று தடவை சொன்னாய். மூன்று தடவையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். முகப்பில் அன்றைக்கு வள்ளியின் அப்பச்சியிடம் நான் பேசிய பேச்சும் இந்த மாதிரிதான். அதை நேரில் சொல்கிறேன்.

நோரி ஒரு பொட்டலம்தான் பாக்கி. பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொள்ள வரும்போது வாங்கி வா. இரண்டு பேராக வந்தாலும் சரி, நீ மட்டும் வந்தாலும் சரி.

அப்பச்சி