மாராவின் மேல்பாதி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பிரெஞ்சுப் புரட்சிக் கட்டுரைக்கு 'மாராவின் மரணம்' ஓவியத்தைப் போட்டிருந்தீர்கள். புரட்சிக் காலத்துப் பத்திரிகையாளரும் அரசியல்வாதியுமான மாரா குளியல் தொட்டியில் குத்திக் கொல்லப்பட்டுக் கிடக்கும் காட்சி அது. கட்டுரை நன்று. படத்தைத்தான் பாதியாக வெட்டிவிட்டீர்கள். போதாக்குறைக்கு, 'கொலை நடந்த அறையை உள்ளபடி காட்டும் ஓவியம்' என்று கீழே ஒரு வரி.

ழாக் லூயி டேவிட் 1793இல் தீட்டிய இந்தக் கித்தான் 165 செ.மீ. உயரம், 128 செ.மீ. அகலம். தலை, கை, தொட்டி, மரப்பெட்டி எல்லாம் ஏறத்தாழ கீழ்ப்பாதியிலேயே முடிந்துவிடும். மேலே வெறும் சுவர். மூன்றுக்கு இரண்டு என்ற கிடைச் சட்டத்தில் இதை அடக்கினால் உயரத்தில் 85 செ.மீ.தான் தேறும், மீதி 80 செ.மீ. கத்தரிக்கோலுக்குப் போகும். பக்கம் வடிவமைத்தவர் அதைக் காலி இடம் என்று நினைத்திருப்பார். உண்மையில் அது ஒரே கறுப்புப் பூச்சு அல்ல. பழுப்பும் பச்சையும் கலந்த சின்னச் சின்னத் தூரிகைத் தீற்றல்கள், இடப்புறம் அடர்ந்து, வலப்புறம் மேலே போகப் போக வெளுக்கும். அவ்வளவு இருட்டு மேலே நிற்பதால்தான் சரிந்த தலைக்கும் தொங்கும் வலக்கைக்கும் கனம் வருகிறது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது போலீஸ் கோப்புப் புகைப்படம் மாதிரி ஒரு பிணம்.

'உள்ளபடி' என்பதும் பொருந்தாது. 1793 ஜூலை 13 மாலை கொலை நடந்தது. முந்தின நாள்தான் டேவிட் மாராவைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஆகவே தெரிந்தேதான் மாற்றியிருக்கிறார். தோல் நோயின் எரிச்சல் தாங்காமல்தான் மாரா தொட்டியில் கிடந்தே எழுதினார். ஓவியத்து உடம்பில் ஒரு புண்கூட இல்லை, கழுத்தெலும்புக்குக் கீழே உள்ள குத்துக் காயத்தைத் தவிர. நிஜக் கத்திக்குக் கருங்காலிப் பிடி, இங்கே வெள்ளை. இரத்தம் எடுப்பாகத் தெரிய வேண்டுமே!

கொன்றவரான சார்லோட் கோர்டே படத்தில் இல்லை. மாராவின் கையிலுள்ள கடிதத்தில் அவர் பெயர் மட்டும் இருக்கிறது. 'நான் மிகவும் துயரப்படுகிறேன் என்பதே உங்கள் கருணையைப் பெற எனக்குப் போதிய உரிமை' என்பது அதன் சாரம். உண்மையில் கோர்டே உள்ளே நுழைந்தது வட பிரான்சின் கான் நகரில் கூடியிருந்த எதிரணியினரைக் காட்டிக்கொடுப்பதாகச் சொல்லி. ஓவியமோ இரக்கப்பட்டதால் செத்தவராக மாராவைக் காட்டுகிறது. பெட்டி மேலே ஐந்து பிள்ளைகளின் தாய்க்குக் கொடுக்கச் சொல்லி ஒரு பணத்தாள் வேறு! டேவிட் தேசிய மன்ற உறுப்பினர், மாராவின் அரசியல் தோழர். கொலைக்கு மறுநாள் மன்றத்திலேயே அவரிடம் கேட்டு வாங்கிய ஓவியம் இது. 1795 வரை அந்த அவையில்தான் தொங்கியது. தேர்ந்த கைவேலை, அதே அளவுக்குத் தேர்ந்த பிரச்சாரம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் படத்துக்கு ஒரு குறைவும் வராது.

படம் எடுக்கும்போது இன்னொன்றும் பார்க்க வேண்டும். டேவிட்டின் பட்டறையிலேயே நகல்கள் செய்யப்பட்டன. பெட்டியின் முகப்பைப் படித்தால் போதும். 'மாராவுக்கு, டேவிட்' என்றும் அடியில் புரட்சி நாட்காட்டிப்படி 'இரண்டாம் ஆண்டு' என்றும் இருந்தால் பிரஸ்ஸல்ஸில் உள்ள மூலம். 'என்னை விலைக்கு வாங்க முடியாததால் கொன்றுவிட்டார்கள்' என்ற பொருளில் வாக்கியம் இருந்தால் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள நகல். நீங்கள் அச்சிட்டதில் எழுத்தே மங்கிப்போனதால் எது என்று சொல்ல முடியவில்லை.

மங்கியதற்குக் காரணம் மை. ஒவ்வொரு மையும் ஓர் இடத்தை 100 சதவீதம் வரை மூடலாம் என்று கணக்கு வைத்தால், செய்தித்தாளில் நான்கு மைகளும் சேர்ந்து 240 சதவீதத்தை ஒட்டி நிற்க வேண்டும். வழவழப்புத் தாளுக்குத் தயாரித்த கோப்பில் நிழல் பகுதி 300ஐத் தாண்டும். அதை அப்படியே ஏற்றினால் தாள் மையை உறிஞ்சி, புள்ளிகள் விரிந்து ஒன்றோடொன்று ஒட்டி, சுவர் முழுக்கத் தார் பூசியதாகிவிடும். செய்தித்தாளுக்குரிய நிற அமைப்பில் மாற்றி, இருண்ட பகுதியை மட்டும் சற்று வெளிறவிட வேண்டும். வெளிச்சப் பகுதியில் கை வைத்தால் போர்வையில் உள்ள ஒட்டுத்தையல் காணாமல் போகும். மாதிரி அச்சில் பெட்டி எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடிந்தால் சரி.

அடுத்த இணைப்பில் முழுப் படத்தையும் மறுபடி போடுங்கள். 8 செ.மீ. அகலம் ஒதுக்கினால் 10.3 செ.மீ. உயரம் போதும். கீழே 'ழாக் லூயி டேவிட், 1793, பெல்ஜிய அரச நுண்கலை அருங்காட்சியகம், பிரஸ்ஸல்ஸ்' என்று ஒரே வரி.

– ஓவிய ஆசிரியர், கும்பகோணம்