'நார்மல்' என்று எழுதித் தரும் டாக்டர்களுக்கு

நாற்பதைத் தாண்டிய பெண்களைப் பார்க்கும் எல்லா டாக்டர்களுக்கும்,

வணக்கம். இந்த மடல் மகப்பேறு மருத்துவர்களுக்கு மட்டும் எழுதியதில்லை. இதயம், எலும்பு, மனநலம், பொது மருத்துவம் என்று உங்கள் அறை வாசலில் எந்தப் பலகை தொங்கினாலும் சரி, இன்றைக்கு எங்களில் ஒருத்தியாவது உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பாள். போன இரண்டு வருடத்தில் நானே நாலு அறைகளில் அப்படி உட்கார்ந்துவிட்டு வந்தேன். எனக்கு வயது 47. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய காலமான பெரிமெனோபாஸ் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் படபடப்பு. ராத்திரி மூன்று மணிக்கு யாரோ உலுக்கி எழுப்பினது போல விழிப்பு வரும். நாலு மாடி ஓடி ஏறினது மாதிரி நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், எக்கோ எடுத்தார்கள், நார்மல். அப்புறம் இடது தோள் இறுகிப் போனது. கையைப் பின்னால் கொண்டுபோக முடியவில்லை, உள்ளாடையின் கொக்கியை மாட்டக்கூட இன்னொருவர் வேண்டியிருந்தது. எலும்பு டாக்டர் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார் (அதைப் பார்த்தது சரிதான்), வலி மாத்திரையும் பயிற்சியும் கொடுத்தார். தூக்க மாத்திரை மூன்றாவது அறையில் கிடைத்தது. நாலாவது அறையில் "என்ன செய்யுது?" என்று கேட்டதுமே அழுதுவிட்டேன். "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்றார். இல்லை என்றேன். நம்பவில்லை போலிருக்கிறது, மனஅழுத்தம் என்று சீட்டில் எழுதினார்.

நாலு பேருமே நல்ல டாக்டர்கள்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவரவர் பகுதியை ஒழுங்காகத்தான் பார்த்தார்கள். ஆனால் கடைசியாக மாதவிடாய் வந்த தேதி என்ன, அதற்கு முந்தினது எப்போது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன். என் கைப்பையில் ஒரு சின்ன டைரி இருக்கிறது. வருடக்கணக்காக அதில் தேதியைச் சுற்றி வட்டம் போட்டு வருகிறேன். 28 நாள், 29 நாள், மறுபடி 28 என்று பள்ளிக்கூட மணி போல வந்துகொண்டிருந்தது. 45 வயதுக்கு மேல் அந்த வரிசை குலைந்தது: 24, 35, 22, 41.

இந்தக் கணக்குக்கு என்ன மதிப்பு என்று எனக்கு அப்போது தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்ட்ரா என்ற பெயரில் 2001இல் நிபுணர்கள் கூடி, மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய காலத்தைப் படிப்படியாக வகுத்தார்கள். பத்து வருடம் கழித்து அதைத் திருத்தியும் எழுதினார்கள். அடுத்தடுத்த சுழற்சிகளுக்கு இடையே ஏழு நாளோ அதற்கு மேலோ வித்தியாசம் வந்து, அது திரும்பத் திரும்ப நடந்தால் பெரிமெனோபாஸின் தொடக்கம். 60 நாளோ அதற்கு மேலோ இடைவெளி விழுந்தால் பிற்பகுதி. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராமலிருந்தால்தான் மெனோபாஸ். அந்தப் பகுப்பில் முதல் அளவுகோலே தேதிதான். ரத்தப் பரிசோதனை துணைக்கு மட்டுமே வருகிறது. என் டைரி அத்தனை நாளும் என் மடியில்தான் இருந்தது.

கடைசியில் நானே கேட்டுத்தான் ஹார்மோன் பரிசோதனை எழுதி வாங்கினேன். அதுவும் நார்மல். "ஹார்மோன் பிரச்சினை எதுவும் இல்லை" என்று சொல்லி அனுப்பினார்கள். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த மடலையே எழுத உட்கார்ந்தேன்.

இந்த வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைகிறது என்று எல்லோரும் சொல்கிறோம், பத்திரிகைகளும் அப்படியே எழுதுகின்றன. குழாயை மூடினது போல அது சீராகக் குறைந்துகொண்டே வந்தால் எங்களுக்கு இவ்வளவு பாடு இருக்காது என்றே நினைக்கிறேன். பிறக்கும்போது சினைப்பைகளில் பத்து இருபது லட்சம் கருமுட்டைப் பைகள் இருக்கும். மெனோபாஸ் நெருங்கும்போது ஆயிரம் அளவுக்கு வந்துவிடும். பைகள் குறையக் குறைய, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியை அடக்கி வைக்கும் இன்ஹிபின் என்ற ஹார்மோனும் குறைகிறது. உடனே பிட்யூட்டரி, அந்தப் பைகளை வளரத் தூண்டும் எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனை அதிகமாக அனுப்பி, மிச்சமிருப்பவற்றை விரட்டுகிறது. ஒரு மாதம் அந்த விரட்டலில் ஈஸ்ட்ரோஜன் இளம் வயதில் இருந்ததைவிடவும் மேலே போகிறது. இன்னொரு மாதம் ஒன்றுமே அசையாமல் அது தரைமட்டத்தில் கிடக்கிறது. முட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் சுரக்காது. எதிர்க்க ஆளில்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் கர்ப்பப்பையின் உள்சுவரை வளர்த்துக்கொண்டே போக, பிறகு அந்தச் சுவர் உதிரமாக மொத்தமாகப் பெருகி வருகிறது. மார்பு கனத்து வலிப்பதும், அதே மாதத்திலேயே உடம்பு திகுதிகுவென்று எரிவதும் இதனால்தான். மேலே போனதற்கு ஒன்று, சட்டென்று இறங்கினதற்கு இன்னொன்று.

அணையப்போகும் விளக்கு பிரகாசமாக எரியும் என்று எனக்கு ஒருவர் இதை விளக்கினார். நான் ஒன்றும் அணையப்போவதில்லை என்பதால் அந்த உவமையை ஏற்கவில்லை. ஊஞ்சல் என்று சொல்லிக்கொள்கிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் குத்தி எடுத்த ரத்தம், ஆடுகிற ஊஞ்சலைப் பிடித்த ஒரே ஒரு போட்டோ. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஊஞ்சல் ஆடவில்லை என்று சொன்னால் எப்படி?

இது நானாகச் சொல்வதில்லை. டாக்டர்களுக்கு வழிகாட்டுதல்கள் வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015இல் வெளியிட்டது, 45 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு அறிகுறிகளும் தேதி மாற்றமும் இருந்தால், ஹார்மோன் பரிசோதனை இல்லாமலே பெரிமெனோபாஸ் என்று முடிவு செய்யலாம் என்கிறது. 40க்கும் 45க்கும் நடுவில் இருப்பவர்களுக்கு எஃப்.எஸ்.எச். பார்ப்பது பற்றி யோசிக்கலாம். நாற்பதுக்குக் கீழே என்றால் கதை வேறு, அங்கே பரிசோதனை கட்டாயம் வேண்டும், அதுவும் சில வார இடைவெளியில் இரண்டு தடவை. எனக்கு எழுதித் தந்த பரிசோதனை எனக்குத் தேவையே இல்லை. நானே கேட்டு வாங்கியதால் அதில் பாதிக் குற்றம் என்னுடையது.

அந்தச் சூடு எப்படி இருக்கும் என்று ஒரு தடவையாவது கேளுங்கள். நோயாளிகள் அதை 'வெக்கை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள், நீங்களும் அடுத்த கேள்விக்குப் போய்விடுவீர்கள். எனக்கு அது நெஞ்சுக்குழியில் தொடங்கும். கழுத்து, காது மடல், உச்சந்தலை என்று ஏறும். எதிரில் இருப்பவர் பேசுவது காதில் விழும், மூளைக்குள் போகாது. மூக்குக்கண்ணாடியில் ஆவி படியும். மூன்று நாலு நிமிடத்தில் அது இறங்கிவிடும். முதுகோடு ஒட்டின துணி ஜில்லென்று ஆகி நடுக்கம் வரும். மூளையின் ஹைப்போதலாமஸில் வெப்பத்தைக் கவனிக்கும் இடத்தோடு சேர்ந்த சில நரம்பணுக்களை ஈஸ்ட்ரோஜன்தான் அடக்கி வைத்திருந்ததாம். அது இறங்கினதும் அவை கட்டுமீறுகின்றன, அரை டிகிரி ஏறினால்கூட உடம்பு தீப்பிடித்த மாதிரி அலறுகிறது. இந்த வழியை நேராகத் தடுக்கும் ஃபெசோலினெட்டன்ட் என்ற மருந்துக்கு 2023இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதில் ஈஸ்ட்ரோஜன் கிடையாது, ஆனால் கல்லீரலைக் கண்காணிக்க வேண்டும். எல்லாம் வெறும் மனசு என்றால் மூளையில் இடம் பார்த்து மருந்து செய்திருக்க முடியுமா?

"கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்க, தானா சரியாயிடும்" என்று ஒருவர் சொன்னார். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு? ஸ்வான் என்று ஒரு ஆய்வு, அமெரிக்காவில் 1996இல் தொடங்கி ஆயிரக்கணக்கான பெண்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தது. வெக்கையும் இரவு வியர்வையும் அடிக்கடி வரும் பெண்களுக்கு அவை நீடித்த காலத்தின் நடுஅளவு 7.4 வருடம், அதாவது பாதிப் பேருக்கு அதற்கும் மேல். பெரிமெனோபாஸின் தொடக்கத்திலேயே அவை ஆரம்பித்தவர்களுக்கு 11.8 வருடத்துக்கும் மேல். இத்தனை வருடத்தைக் கொஞ்ச நாள் என்று எந்தக் கணக்கில் சொல்வது!

மறதியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத்தான் நாங்கள் வெளியே சொல்லப் பயப்படுகிறோம். ஒரு நாள் வாசலில் நின்றுகொண்டு 'சாவி' என்ற சொல் வரவில்லை. கையில் அதுதான் இருக்கிறது. "அது... கதவு திறக்குறது..." என்று மகளிடம் சொன்னேன். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். அன்று ராத்திரி மூன்று மணிக்கு விழித்தபோது சிரிப்பு வரவில்லை. டிமென்ஷியா என்று நினைத்துக்கொண்டே விடியும்வரை படுத்திருந்தேன். இந்தக் காலத்தில் சொற்கள் நழுவுவது சகஜம், பெரும்பாலும் பின்னால் சீராகிவிடும் என்று யாராவது முன்னமே சொல்லியிருந்தால் அந்த ராத்திரி மிச்சமாகியிருக்கும். வயதுக்கு வந்தபோது சொல்லித்தர ஆள் இருந்தது. கர்ப்பமானபோது மாதாமாதம் வரச்சொல்லி விளக்கினீர்கள். இதற்கு மட்டும் ஏன் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை? நாற்பது வயதில் ரத்த அழுத்தம் பார்க்க வருபவளிடம் இரண்டு நிமிடம் சொன்னால் போதும்.

சிகிச்சை விஷயத்துக்கு வருகிறேன். ஹார்மோன் என்ற சொல்லை எடுத்தாலே "கேன்சர் வரும்" என்று பேச்சை முடிக்கிறீர்கள். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். 2002இல் டபிள்யூ.எச்.ஐ. என்ற அமெரிக்கப் பெண்கள் நல ஆய்வில், ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டின் என்ற செயற்கை ஹார்மோனையும் சேர்த்துக் கொடுத்த பிரிவைப் பாதியில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய் கூடியது உண்மை: வருடத்துக்கு 10,000 பெண்களில் எட்டுப் பேருக்குக் கூடுதலாக வந்தது. ரத்தக்கட்டியும் பக்கவாதமும் கூடின. இடுப்பு எலும்பு முறிவு குறைந்தது. ஆனால் அந்தப் பெண்களின் சராசரி வயது 63! அவர்கள் விழுங்கியது மாத்திரை. நாற்பதுகளில் தூக்கமில்லாமல் திண்டாடுபவளின் கணக்கு அது ஆகுமா? வட அமெரிக்க மெனோபாஸ் சங்கத்தின் 2022 அறிக்கை, அறுபது வயதுக்குள்ளோ மெனோபாஸ் ஆகிப் பத்து வருடத்துக்குள்ளோ இருந்து, வேறு தடையும் இல்லாத பெண்களுக்கு, தொந்தரவு தரும் வெக்கையைத் தணிப்பதில் நன்மையே கூடுதல் என்கிறது.

தடை உள்ளவர்கள் இருக்கிறார்கள், தெரியும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டி வந்தவர்கள் விஷயத்தில் நீங்கள் தயங்குவது நியாயம். கர்ப்பப்பை உள்ளவளுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகக் கொடுத்தால் உள்சுவரில் புற்றுநோய் அபாயம் கூடும், புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் சேர வேண்டும். தோலில் ஒட்டும் பட்டையில் ரத்தக்கட்டி அபாயம் மாத்திரையைவிடக் குறைவு என்றும் படித்தேன். இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதா, நீங்கள் சொல்ல வேண்டியதா? எனக்கு ஹார்மோன் கொடுத்தே ஆகவேண்டும் என்று கேட்கவில்லை. என் வயதையும் என் குடும்பத்தில் இருக்கும் நோய்களையும் வைத்து என் கணக்கைப் போட்டுச் சொல்லுங்கள். வேண்டாம் என்று நான் முடிவெடுத்தாலும் தெரிந்து எடுத்ததாக இருக்கட்டும்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. என் சிநேகிதிக்கு மாதம் பத்து நாள் உதிரப்போக்கு. "இந்த வயசுல அப்படித்தான்" என்று இரண்டு இடத்தில் திருப்பி அனுப்பினார்கள். மாடி ஏறினால் மூச்சு வாங்கும் அளவுக்கு ரத்தசோகை வந்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். நாங்கள் சொல்வது எல்லாமே பெரிமெனோபாஸ் ஆகிவிடாது. தைராய்டு கெட்டாலும் படபடப்பும் வியர்வையும் வரும். அதிகப் போக்கு என்றால் உள்சுவரைப் பார்த்தாக வேண்டும். ஒரு வருடம் நின்றுபோன பிறகு ஒரு துளி பட்டாலும் காத்திருக்கக் கூடாது. இன்னொன்றும் உண்டு, சங்கடத்தில் நீங்களும் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை: தேதி தப்புவதால் கர்ப்பம் தரிக்காது என்று ஆகிவிடாது. ஐம்பதுக்கு முன் நின்றால் இரண்டு வருடம், பின் நின்றால் ஒரு வருடம்வரை கருத்தடை வேண்டும்.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெயரின் வேரில் இருப்பது 'ஓய்ஸ்ட்ரோஸ்' என்ற கிரேக்கச் சொல்லாம். மாடுகளைக் கடித்து வெறிபிடித்து ஓடவைக்கும் ஈக்கு அந்தப் பெயர். வெறி என்ற பொருளும் உண்டு. "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்ற கேள்வியின் வயது நான் நினைத்ததைவிட அதிகம் போலிருக்கிறது.

நாலாவது அறையிலிருந்து வெளியே வந்த அன்று, ரத்த அழுத்தத்தை இன்னொரு தடவை பார்க்கச் சொல்லியிருந்தார்கள். கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே அந்த நர்ஸ், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, "அக்கா, பீரியட்ஸ் ஒழுங்கா வருதா?" என்று கேட்டாள். டைரியை எடுத்துக் கொடுத்தேன். ஒரு கையால் பம்பை அழுத்தியபடி மறு கையால் பக்கத்தைப் புரட்டினாள்.

"இதை உள்ளே காட்டினீங்களா?"

"அவர் கேக்கல. நானும் சொல்லலம்மா."

தோள்வலிக்கும் மாதவிடாய்த் தேதிக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை, டாக்டர். அடுத்த வாரம் மறுபடி வருகிறேன். இந்தத் தடவை உட்கார்ந்ததுமே டைரியை மேசைமேல் வைத்துவிடுவேன். உள்ளங்கை அளவுதான் இருக்கும். 45 வயதுப் பக்கத்தில் மூலையை மடித்து வைத்திருக்கிறேன், அங்கிருந்து பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வெளிநோயாளிகளில் ஒருத்தி