எங்கள் பேட்டை முதியோர் நிலைய நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

சென்ற மாதம் உங்கள் உடற்பயிற்சி வகுப்பில் என் அம்மா விழுந்ததை அறிவீர்கள். எலும்பு முறியவில்லை. ஆனால், அன்றுமுதல் மின்தூக்கிவரை தனியாக நடக்கவும் அவர் அஞ்சுகிறார்.

அம்மாவுக்கு 72 வயது. திருமணமான நாளிலிருந்து அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்ததைத் தவிர வேறு பயிற்சி அறியாதவரை நான்தான் வற்புறுத்தி அனுப்பினேன். ஒற்றைக்காலில் நிற்கச் சொன்ன பயிற்றுவிப்பாளர் ஆங்கிலத்திலும் மாண்டரினிலும் மட்டுமே பேசினார். இரண்டும் தெரியாத அம்மா, பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துச் செய்யத் தலையைத் திருப்பியபோதுதான் தடுமாறினார். கண், உட்செவி, உள்ளங்கால் மூன்றும் தரும் தகவலைக் கொண்டே மூளை உடலை நிலைநிறுத்துகிறது. அதனால்தான் ஒற்றைக்காலில் நிற்பவரை எதிரே ஒரே புள்ளியைப் பார்க்கச் சொல்வார்கள். சொல்வது புரியாதவர் எந்தப் புள்ளியைப் பார்ப்பார்? பிடித்துக்கொள்ள ஒரு நாற்காலியும் அருகில் இல்லை.

நான் முறையிட்டபோது, “இனி அவர் உட்கார்ந்தே செய்யட்டும்” என்றீர்கள். அந்தப் பதில் என்னை மிகவும் வருத்தியது. உட்கார்ந்து கையை அசைப்பதால் கணுக்காலும் தொடையும் நிற்கப் பழகுமா? மாதவிடாய் நின்றபின் எலும்பு மெலிந்துவரும் பெண்களுக்கு ஒரு வீழ்ச்சியே இடுப்பெலும்பை முறிக்கப் போதும். 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் 3 நாளாவது சமநிலைக்கும் தசைவலுவுக்குமான பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்திருக்கிறது. நீங்கள் நடத்துவதோ வாரம் ஒரு வகுப்பு.

உங்கள் வாசலில் தமிழ் உள்பட நான்கு மொழிகளிலும் வரவேற்பு எழுதியிருக்கிறது. உள்ளே வந்த தமிழ்ப் பாட்டிமார் கடைசி வரிசையில் நின்று, புரியாததைப் புரிந்ததுபோல் செய்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். அவர்கள் குறை சொல்வதில்லை, வராமல் நின்றுவிடுகிறார்கள். வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே அது உங்களுக்குத் தெரியும்.

தமிழில் சொல்லிக்கொடுங்கள், நிற்க வைத்துச் சொல்லிக்கொடுங்கள். நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்துவது, கை ஊன்றாமல் எழுந்து அமர்வது, ஒரு காலின் விரல்நுனியை ஒட்டி மறுகாலின் குதிகாலை வைத்து நேர்கோட்டில் நடப்பது ஆகியவற்றுக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. தமிழ் பேசும் பயிற்றுவிப்பாளர் கிடைக்கும்வரை, சனிக்கிழமைகளில் நானே வந்து மொழிபெயர்க்கிறேன். அடுத்த வகுப்பிலிருந்தே இதைத் தொடங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நிலைய உறுப்பினர் ஒருவரின் மகள்