சாயம் அடித்தால் சுத்தமாகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இங்கே சுங்கை சிப்புட்டில் தோட்டத்தை விட்டு வெளியேறிய பிள்ளைகள் பலர் தாமான் (வீடமைப்புப் பகுதி) வீடுகளில் வாடகைக்குத்தான் இருக்கிறார்கள். என் தங்கை மகளும் போன வருடம் இரண்டு மாத டெபாசிட் கட்டி ஒரு ஒற்றை மாடி வீட்டுக்குக் குடிபோனாள். புதுச் சாயம், பளிச்சென்று இருந்தது. ஒரே மாதத்தில் சமையலறைச் சுவரில் சாயத்தை மீறி மஞ்சள் கறை தெரிந்தது, மழைக்குக் கதவைச் சாத்தினால் பூனை மூத்திரம் மாதிரி வாடை, தவழ்கிற பிள்ளைக்குக் கண் எரிச்சல், விடாத இருமல். அப்புறம்தான் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா சொன்னார், அங்கே சியாபு என்கிற மெத்தம்பெட்டமைன் போதைப்பொருளைக் காய்ச்சியவர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனதாம். வீட்டுக்காரருக்கு எல்லாம் தெரியும். கேட்டதற்கு, "அதான் சாயம் அடிச்சாச்சே" என்றார். டெபாசிட்டும் போச்சு, பிள்ளையோடு அம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள். போன வாரம் அதே வாசலில் மறுபடியும் 'வாடகைக்கு' அட்டை தொங்குவதைப் பார்த்தேன், வயிறு எரிந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

சியாபு காய்ச்சும்போது கிளம்பும் ஆவி சுவர், சிலிங், மெத்தை, திரைச்சீலை என்று எல்லாவற்றிலும் ஊறிவிடும். அமிலம், அசிட்டோன் கழிவைக் கழிப்பறையிலும் கால்வாயிலும் ஊற்றியிருப்பார்கள். போலீஸ் சாமான்களை அள்ளிக்கொண்டு போனாலும் இந்தப் படிவு அங்கேயே கிடக்கும், தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கிற குழந்தைக்குத்தான் முதல் ஆபத்து. பல நாள் சன்னலைத் திறந்து போட்டு, மெத்தை, கம்பளத்தை அப்புறப்படுத்தி, சுவரையும் தரையையும் சவர்க்காரத் தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவி, சுவரைத் துடைத்தெடுத்து ஆய்வுக்கூடத்தில் சோதித்த பிறகுதான் சாயம் அடிக்க வேண்டும். குளோராக்ஸ் மாதிரி வெளுப்புத் திரவத்தை ஊற்றவே ஊற்றாதீர்கள், அமிலம் மிச்சமிருந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

யாரோ சியாபு புகைத்த வீட்டுக்கெல்லாம் பயப்படச் சொல்லவில்லை. நியூசிலாந்தில் அப்படிப் பயந்து அரசாங்க வீடுகளிலிருந்து குடும்பங்களை வெளியேற்றினார்கள். புகைத்த வீட்டில் இருந்ததால் யாருக்கும் உடல்நலம் கெட்டதற்கு ஆதாரமில்லை என்று அந்நாட்டுப் பிரதமரின் தலைமை அறிவியல் ஆலோசகர் 2018-இல் அறிக்கை கொடுத்தார். காய்ச்சிய வீடு வேறு கதை.

காய்ச்சியவனைத் தண்டிக்க 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டம் இருக்கிறது, சரி. அடுத்துக் குடிவருகிறவர்களுக்கு என்ன இருக்கிறது? காய்ச்சிய வீடு பிடிபட்டால் அந்த விவரம் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும் நகராண்மைக் கழகத்துக்கும் போகட்டும். சோதனைச் சான்று இல்லாமல் அதை வாடகைக்கு விடக் கூடாது, மறைத்து விட்டவர் டெபாசிட்டையும் மருத்துவச் செலவையும் திருப்பித் தர வேண்டும். வாடகை வீடுகளுக்கென்று தனிச் சட்டம் வரும் என்று பல வருடமாகச் சொல்கிறார்கள். வரும்போது இதையும் அதில் சேருங்கள்.

வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்