சைக்கோபிஜி 2-இலிருந்து 3-க்கு: கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். எங்கள் பால் கொள்முதல் மென்பொருள், ஒரே ஒரு பழைய ஸ்கிரிப்ட் தவிர, இப்போது முழுக்கச் சைக்கோபிஜி 3-இல் ஓடுகிறது. பைத்தான் நிரலிலிருந்து போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோடு பேசுகிற லைப்ரரி அது. திரையில் எதுவும் மாறவில்லை, புதிதாக ஒரு பட்டன்கூட வரவில்லை. இப்படிப்பட்ட வேலையில் யார் யார் கஷ்டப்பட்டார்கள் என்பது வெளியே தெரிய வழியே இல்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

முதல் நன்றி லைப்ரரியை உருவாக்கியவர்களுக்கு. சைக்கோபிஜியைத் தொடங்கி வைத்த ஃபெடெரிகோ டி கிரெகோரியோவுக்கும், அதைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து, மூன்றாம் பதிப்பைப் புதிதாகவே எழுதி 2021 அக்டோபரில் வெளியிட்ட டானியேலே வராட்சோவுக்கும், உடன் உழைத்தவர்களுக்கும் எங்கள் வணக்கம். அவர்கள் எடுத்த ஒரு முடிவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். பழைய பேக்கேஜின் பெயரிலேயே 2 என்ற எண் ஒட்டிக்கொண்டிருக்கிறது, புதியதின் பெயரில் எண்ணே கிடையாது. இரண்டும் வேறு வேறு பேக்கேஜ் என்பதால் ஒரே நிரலுக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். காலை, மாலை இரண்டு வேளையும் பால் வந்துகொண்டே இருக்கிற தொழிலில் ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் மாற்று என்றால் யாரும் கை வைத்திருக்க மாட்டோம். முதலில் ரிப்போர்ட், அப்புறம் எஸ்எம்எஸ், கடைசியில் பட்டுவாடா என்று துண்டு துண்டாக மாற்ற முடிந்தது அந்தப் பெயரால்தான்.

பழையது இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது, பராமரிப்பும் இருக்கிறது. ஆனால் புது வசதிகள் எல்லாம் மூன்றுக்குத்தான் வருகின்றன. பைத்தானில் வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோவின் 4.2 பதிப்பும் 2023-இல் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. எங்களுக்கு வேண்டியிருந்தது அசிங்க் வசதி, அதாவது ஒரு வேலையின் பதிலுக்குக் காத்திருக்கும்போதே அடுத்த வேலையைக் கவனிக்கிற முறை. காலையில் எல்லா மையங்களும் ஒரே நேரத்தில் எடையையும் கொழுப்பையும் எஸ்என்எஃப்பையும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) அனுப்பும்போது டேட்டாபேஸ் கனெக்‌ஷன் கிடைக்காமல் வரிசை நிற்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

அடுத்தது, சைக்கோபிஜி ஆவணத்தில் பழைய பதிப்புக்கும் புதிய பதிப்புக்கும் உள்ள வேறுபாடுகளைத் தொகுத்து எழுதிய கைகளுக்கு. எங்கள் குழுவில் அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தோம். முதல் வேறுபாடுதான் தலையாயது. பழைய லைப்ரரி நாம் கொடுக்கிற மதிப்புகளைக் குவெரிக்குள் (டேட்டாபேஸிடம் கேட்கிற வாக்கியம்) தானே பொருத்தி, முழு வாக்கியமாக்கி சர்வருக்கு அனுப்பும். புதியது குவெரியைத் தனியாகவும் மதிப்புகளைத் தனியாகவும் அனுப்புகிறது. நிரப்பின சலானை நீட்டுவதற்குப் பதில், வெற்றுச் சலானையும் விவரச் சீட்டையும் தனித்தனியாகக் கவுன்டரில் கொடுக்கிற மாதிரி. எந்தக் கட்டத்தில் என்ன வரும் என்று இப்போது சர்வரே முடிவு செய்கிறது. சில இடங்களில் அது ஏற்றுக்கொள்வதே இல்லை.

உதாரணத்துக்கு, கனெக்‌ஷன் திறந்ததும் டைம்ஸோனை வைக்கிற செட் கட்டளை. அதில் மதிப்பை வெளியிலிருந்து கொடுத்தால் சின்டாக்ஸ் பிழை வரும். செட்_கான்ஃபிக் ஃபங்ஷனுக்கு மாற வேண்டும். கால அளவைக் குறிக்க ‘இன்டர்வல்’ என்று எழுதி அடுத்து மதிப்பை வைக்கிற பழக்கமும் செல்லாது, மதிப்பை முன்னால் வைத்துப் பின்னால் அது என்ன டைப் என்று காஸ்ட் செய்து சொல்ல வேண்டும். ஒரு பட்டியலை டியூப்பிளாக (பைத்தானில் ஒரு வகைத் தொகுப்பு), ‘இதில் உண்டா’ என்று கேட்கிற ‘இன்’ என்பதற்குப் பின்னால் கொடுப்பது எங்கள் நிரலில் திரும்பிய பக்கமெல்லாம் இருந்தது. அத்தனையும் ‘எனி’ ஆனது. இதில் ஒரு லாபமும் உண்டு: பட்டியல் காலியாக இருந்தால் பழைய முறையில் குவெரியே உடைந்துவிடும், அதற்குப் பயந்து எல்லா இடத்திலும் ஒரு இஃப் போட்டிருந்தோம். ‘எனி’க்குக் காலிப் பட்டியல் ஒரு பொருட்டே இல்லை. அந்த இஃப்களை அழித்ததில் இருந்த திருப்தியைச் சொல்லி மாளாது. இந்த மாற்றங்களில் பெரும்பகுதியைச் செய்து முடித்தவர் பயிற்சிக்கு வந்த தங்கைதான். மாதப் பட்டுவாடாக் கோப்பை டேட்டாபேஸில் மொத்தமாக ஏற்றுகிற ‘காப்பி’ கட்டளை வேலையையும் அவரே புதிய முறைக்குத் திருத்தி எழுதினார். நன்றிம்மா.

இங்கே இல்லாத ஒருவருக்கும் நன்றி சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன் எங்களை விட்டுப் போய் வேறு ஊரில் வேலை பார்க்கிற அண்ணன். புதிய பதிப்பில் பைத்தானின் ‘வித்’ போட்டுக் கனெக்‌ஷனைப் பிடித்தால், அந்தப் பகுதி முடிந்ததும் கனெக்‌ஷனே மூடிக்கொள்ளும். பழையதில் ட்ரான்ஸாக்‌ஷன் (ஒரே மூச்சாக நடக்கிற வேலைத் தொகுதி) மட்டும்தான் முடியும், கனெக்‌ஷன் திறந்தே இருக்கும். நிரல் முழுக்க ஆளாளுக்குக் கனெக்‌ஷன் எடுத்திருந்தால் இது பெரிய தலைவலி ஆகியிருக்கும். அண்ணன் அன்றைக்கே, “யாரும் நேரடியா கனெக்‌ஷன் எடுக்கக் கூடாது, இந்த ஒரு ஃபங்ஷன் வழியாத்தான் வரணும்” என்று பிடிவாதமாக நின்றார். அப்போது எங்களுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது அந்த ஒரு ஃபங்ஷனைத் திருத்தினோம், புதிய பூலை (கனெக்‌ஷன்களைத் திறந்து வைத்துப் பகிர்கிற ஏற்பாடு) அதற்குள் வைத்தோம், வேலை முடிந்தது. அண்ணே, அடுத்த முறை இந்தப் பக்கம் வந்தால் சாப்பாடு எங்கள் செலவு.

இதுவரை சொன்னதெல்லாம் சத்தம் போட்டு உடைகிற வகை. ஓட்டினால் உடனே பிழை வரும், வரி எண்ணோடு சொல்லும், உட்கார்ந்து திருத்தலாம். என்னைக் கேட்டால் மேஜர் பதிப்பு மாற்றத்தில் அவற்றுக்குப் பயப்படவே வேண்டாம். பயப்பட வேண்டியது பிழையே வராமல் தப்பாக ஓடுவதற்கும், கொஞ்ச நேரம் சரியாக ஓடிவிட்டுப் பிறகு உடைவதற்கும். இந்த இரண்டையும் கண்டுபிடித்தவர்கள் எங்கள் அணியிலேயே இல்லை.

ஈரோட்டுப் பக்கம் ஒரு மையத்தில் மட்டும் புதிய பதிப்பைச் சோதனையாக ஓட்டினோம். எஸ்எம்எஸ் அனுப்புகிற நிரல் லாகில் ஒரு சிவப்பு வரிகூட இல்லை. மறுநாள் காலை அந்த மையத்தைப் பார்த்துக்கொள்கிற அக்கா போன் செய்தார்: “ஏனுங்க தம்பி, ஒரே பாலுக்கு ரெண்டு ரெண்டு மெசேஜ் வருதுங்க. பணமும் ரெண்டு தடவை வருங்களா?” எடுத்த எடுப்பில் நெட்வொர்க் கோளாறு என்று யாரும் தட்டிக்கழித்துவிடக் கூடாதென்று, நாலைந்து பால்காரர்களின் போனை வாங்கி, மெசேஜ் வந்த நேரத்தையெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருந்தார். இரண்டு மெசேஜுக்கும் நடுவே எல்லோருக்கும் ஒரே இடைவெளி. எங்கள் நிரல் மறுபடி ஓடுகிற இடைவெளியும் அதுதான்.

அந்த நோட்டைப் பிடித்துக்கொண்டு போனதில் விஷயம் கிடைத்தது. ஒவ்வொரு பால் பதிவுக்கும் அடையாளம் ஒரு யூயூஐடி, ஒன்றைப் போல் இன்னொன்று வராத நீண்ட குறியீடு. பழைய லைப்ரரி அதை வெறும் ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்துத் தொடராகத் தரும், புதியது பைத்தானின் யூயூஐடி ஆப்ஜெக்டாகவே தருகிறது. அனுப்பி முடித்த பதிவுகளின் அடையாளங்களை ரெடிஸ் என்ற வேகமான தகவல் சேமிப்பில் ஸ்ட்ரிங்காகச் சேமித்திருந்தோம். ‘இது ஏற்கெனவே போயிற்றா’ என்று நிரல் ஒவ்வொரு முறையும் தேடுகிறது. கண்ணுக்கு எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான், ஆனால் பைத்தானுக்கு ஸ்ட்ரிங் வேறு, யூயூஐடி வேறு. அதனால் ‘போகவில்லை’ என்றே பதில் வரும், மறுபடி அனுப்பும். பிழைச் செய்தி வர இதில் முகாந்திரமே இல்லை. டெஸ்டுகளும் பச்சையாகவே இருந்தன, அவற்றில் மாதிரி அடையாளங்கள் எல்லாம் ஸ்ட்ரிங்தான். யூயூஐடிக்கு டெக்ஸ்ட் லோடரைப் பதிவு செய்தால் பழையபடி ஸ்ட்ரிங்காகவே வாங்கிக்கொள்ளலாம், லைப்ரரியில் அதற்கு வழி இருக்கிறது. நாங்கள் அதைச் செய்யவில்லை. புதிதாக வருகிறவர் ஆவணத்தில் ஒன்றைப் படித்துவிட்டு நிரலில் வேறொன்றைப் பார்த்துக் குழம்புவார். ரெடிஸைத் தொடுகிற இடத்தில் மட்டும் ஸ்ட்ரிங்காக மாற்றிக்கொண்டோம். அக்கா, உங்கள் நோட்டு இல்லையென்றால் இது எல்லா மையத்துக்கும் போயிருக்கும். பணம் ஒரு தடவைதான் வரும் என்பதை மட்டும் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றைப் பிடித்தவர் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் தம்பி. லைவில் அப்ளிகேஷனுக்கும் போஸ்ட்கிரெஸுக்கும் நடுவில், கனெக்‌ஷன்களைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சர் இருக்கிறது, ட்ரான்ஸாக்‌ஷன் பூலிங்கில். ரிப்போர்ட் பகுதியை ஏற்றியதும் ஒழுங்காகத்தான் ஓடியது. கொஞ்ச நேரம் கழித்து ‘பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் ஏற்கெனவே இருக்கிறது’ என்று சில பிழைகள். ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும், திரும்ப வரும். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறதே என்று விட்டுவிடுகிற ஆள் இல்லை தம்பி. ஒரே குவெரியைத் திரும்பத் திரும்பக் கையால் ஓட்டி, சில முறை ஓடின பிறகுதான் உடைகிறது என்று ஆதாரத்தோடு வந்து நின்றார்.

காரணம் இதுதான். சைக்கோபிஜி 3, ஒரே குவெரி ஒரு கனெக்‌ஷனில் 5 முறைக்கு மேல் ஓடினால் தானாகவே அதை சர்வரில் பிரிப்பேர் செய்து, அதாவது ஒரு பெயரிட்டு முன்கூட்டியே தயார் செய்து, வைத்துக்கொள்ளும். வேகத்துக்காகச் செய்த நல்ல ஏற்பாடு. ஆனால் பிரிப்பேர் செய்தது அந்த ஒரு சர்வர் கனெக்‌ஷனில்தான் இருக்கும், பிஜிபவுன்சரோ அடுத்த ட்ரான்ஸாக்‌ஷனுக்கு வேறொரு கனெக்‌ஷனைக் கொடுத்துவிடும். அங்கே அந்தப் பெயரில் ஒன்றும் இருக்காது, அல்லது வேறொருவர் வைத்தது இருக்கும். சோதனைச் சூழலான ஸ்டேஜிங்கில் அப்போது பிஜிபவுன்சரே இல்லை, அங்கே எப்படித் தெரியும்? பிரிப்பேர் வரம்பை ‘நன்’ (பைத்தானில் ‘எதுவுமில்லை’) என்று வைத்து இப்போதைக்கு அணைத்திருக்கிறோம். 2023-இல் வந்த பிஜிபவுன்சர் 1.21 முதல் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்டுகளைத் தாங்கும் வசதி உண்டு. ஆனால் சைக்கோபிஜியோடு சேர்ந்து போக பிஜிபவுன்சர் 1.22-உம் சைக்கோபிஜி 3.2-உம், போஸ்ட்கிரெஸோடு பேச அது உள்ளே பயன்படுத்துகிற லிப்பிகியூ லைப்ரரியின் புதிய பதிப்பும் வேண்டும். அந்த மேம்படுத்தலையும் தம்பியே செய்கிறேன் என்றிருக்கிறார். ஸ்டேஜிங்கிலும் ஒரு பிஜிபவுன்சரை வைத்துவிட்டார், நாங்கள் கேட்பதற்கு முன்பே.

கணக்குப் பிரிவு அண்ணாச்சிக்கும் அவருடைய அணிக்கும்: பட்டுவாடாப் பட்டியலைப் பழைய லைப்ரரியில் ஒன்று, புதியதில் ஒன்று என்று எடுத்து, இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தீர்கள். ஒரு பைசா வித்தியாசம் இல்லை. கம்ப்யூட்டரை வைத்தே ஒப்பிட்டாயிற்று என்று நாங்கள் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்பது தெரியும். நம்பாமல் இருந்ததற்கும் நன்றி.

நிர்வாகத்துக்கு: வெளியே காட்ட ஒன்றுமில்லாத வேலைக்கு நேரம் ஒதுக்கினீர்கள். “இதனால் என்ன புதுசா வரும்?” என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டீர்கள்.

வருடக் கணக்கு முடிக்கிற ஒரு பழைய ஸ்கிரிப்ட் மட்டும் இன்னும் சைக்கோபிஜி 2-இல்தான் இருக்கிறது. மார்ச் முடியும்வரை அதைத் தொட அண்ணாச்சி விடமாட்டார். ஏப்ரலில் மாற்றுவோம். அப்போதும் இரண்டு பட்டியல் எடுத்துக்கொண்டு உங்கள் மேஜைக்குத்தான் வருவோம்.

நன்றியுடன்,
சர்வர் நிரல் அணியின் சார்பில்