உள்ளங்காலையும் கொஞ்சம் படம் பிடியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தோல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் கேமரா இயந்திரம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மூன்று பக்கம், வழவழ தாள், வளையம் வளையமாகக் கேமராக்களுக்கு நடுவே நிற்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். கடைசிப் பத்தி வரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே உங்கள் கட்டுரையாளர், நம்முடைய மாநிறத் தோலுக்கு மெலனின் என்ற நிறமி இயற்கைக் கவசமாக இருப்பதால் இந்த நோயைப் பற்றி நாம் கவலைப்படத் தேவையே இல்லை என்று எழுதி முடித்துவிட்டார்.

என் கணவர் அந்தக் கவசத்தோடுதான் போய்ச் சேர்ந்தார்.

அவர் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். ஓய்வு பெறும் வரை மைதானத்து வெயிலில் நின்றவர். வெயில் பட்ட முகத்திலும் கழுத்திலும் அவருக்கு ஒன்றும் வரவில்லை. வெயிலே படாத குதிகாலுக்கு அடியில், மிளகளவு ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. கால் ஆணி என்று மருந்துக்கடையில் பிளாஸ்டர் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டில் எருக்கம்பால் வைக்கச் சொன்னார்கள். அப்புறம் அது பெரிதாகி, வெடித்து, ரத்தம் கசிய ஆரம்பித்தது. அவருக்குச் சர்க்கரை உண்டு என்பதால் எங்கள் ஊர் தனியார் மருத்துவமனை ஒன்றில் சர்க்கரைப் புண் என்று கட்டுப் போட்டார்கள். மாதக்கணக்கில் கட்டுதான். துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பலாமே என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. தொடை இடுக்கில் நெரி கட்டிய பிறகு அரசு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே தோல் பிரிவில் இருந்த இளம் டாக்டரம்மா, விளக்கு வைத்த சின்ன லென்ஸ் ஒன்றைப் புண்ணின் ஓரத்தில் வைத்துப் பார்த்த மாத்திரத்தில் பயாப்சி எழுதினார். வந்த முடிவு மெலனோமா, தோல் புற்றுநோயில் ஆபத்தான வகை. அதற்குள் நெரிக்கும் பரவியிருந்தது.

இதில் உங்கள் பத்திரிகைக்கும் ஒரு பங்கு உண்டு என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? மச்ச சாஸ்திரம் என்று ஓர் இணைப்பு கொடுத்தீர்கள், நினைவிருக்கும். உள்ளங்காலில் மச்சம் இருந்தால் கடல் கடந்த பயணம் என்று அதில் இருந்தது. மகன் ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேனில் இருப்பதால் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் பலித்துவிட்டது என்று அவரிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். மச்சத்துக்குப் பலன் சொல்லத் தெரிந்த பத்திரிகைக்கு, மச்சம் நிறம் மாறினால் எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி போடத் தெரியவில்லை.

நம் ஆட்களுக்கு மெலனோமா அரிது. அதை நான் மறுக்கவில்லை. வெயிலால் வருகிற வகையிலிருந்து மெலனின் காப்பாற்றுகிறது என்பதும் உண்மை. ஆனால் உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தின் அடி ஆகிய இடங்களில் வருகிற வகைக்கும் வெயிலுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. கறுத்த தோல்காரர்களுக்கு மெலனோமா வந்தால் இந்த இடங்களில்தான் அதிகம் வருகிறது. வராது என்று எல்லாரும் நம்புவதால் முற்றிய பிறகே தெரிகிறது. பாடகர் பாப் மார்லி பற்றி நீங்களே ஒரு பக்கம் போட்டீர்கள். 1981-ல் 36 வயதில் புற்றுநோயில் இறந்தார் என்று எழுதியவர்கள், அது அவருடைய கால்விரல் நகத்துக்கு அடியில் ஆரம்பித்தது என்பதை ஏன் விட்டீர்கள்? மெலனோமாவே இல்லாத தோல் புற்றும் நம் நாட்டில் உண்டு. ஆறாத தீக்காயத் தழும்பில் வருகிறது. மேற்கு வங்கத்தில் ஆர்சனிக் கலந்த நிலத்தடி நீரால் வருகிறது. காஷ்மீரில் குளிருக்கு மடியில் வைத்துக்கொள்ளும் காங்கிரி நெருப்புச் சட்டியால் தொடையில் வருகிறது. கவசம் இதையெல்லாம் தடுக்கவில்லை.

இனி அந்த இயந்திரம். கணவர் போன பிறகு கொஞ்ச நாள் மகன் வீட்டில் இருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாளுக்கு உடம்பெல்லாம் மச்சம், முன்பு ஒரு மெலனோமா வெட்டி எடுத்திருக்கிறார்கள். அந்த அம்மாள் போகும் இடத்தில் இருப்பது உங்கள் கட்டுரையில் வந்த அதே 92 கேமரா இயந்திரம்தான். உள்ளாடையோடு நடுவில் நின்றால் கண் இமைக்கிற நேரத்துக்குள் எல்லாக் கேமராவும் ஒன்றாகப் படம் எடுத்து, கணினியில் முழு உடம்பையும் முப்பரிமாண உருவமாகக் காட்டுகிறது. அடுத்த முறை போகும்போது பழைய படத்தோடு ஒப்பிட்டுப் புதிதாக முளைத்தது எது, உருமாறியது எது என்று பார்க்கிறார்கள். சந்தேகப்பட்டதை மட்டும் லென்ஸ் வைத்துப் பார்க்கிறார்கள். அருமையான வேலை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 70 வயதுக்குள் மூன்று பேரில் இரண்டு பேருக்கு ஏதாவது ஒரு தோல் புற்று வருகிற நாடு அது. சட்டை போடு, கிரீம் பூசு, தொப்பி வை என்று 1981-லிருந்து பிள்ளைகளுக்குப் பாட்டாகவே சொல்லிக் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு அந்த இயந்திரம் தேவை.

உள்ளங்காலையும் எடுக்குமா என்று மகனை விட்டுக் கேட்கச் சொன்னேன். எடுக்காது. நிற்கிற கால் தரையில் இருக்கிறது, கேமரா எப்படிப் பார்க்கும்? தலைமுடிக்கு அடியில் இருப்பதும் உள்ளாடைக்குள் இருப்பதும் படத்தில் வராது. அந்த இடங்களை டாக்டர்தான் கையால் விலக்கிப் பார்க்க வேண்டும். நமக்கு முக்கியமான இடத்தைப் பார்க்காத இயந்திரத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதியவர், இந்த ஒரு வரியை எழுதியிருக்கலாம்.

செயற்கை நுண்ணறிவு டாக்டர்களையே மிஞ்சிவிட்டது என்றும் கட்டுரையில் இருக்கிறது. எந்தப் படங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டு மிஞ்சியது? இப்படிக் கணினிக்குக் கற்றுக் கொடுக்கப் பொதுவில் கிடைக்கிற தோல் படத் தொகுப்புகளை 2021-ல் ஆராய்ந்து பார்த்தார்கள். மொத்தம் 1,06,950 படங்கள். அவற்றில் தோலின் நிறவகை குறிக்கப்பட்டவை 2,436. அந்த 2,436-ல் பழுப்புத் தோல் 10, கரும்பழுப்பு அல்லது கறுப்புத் தோல் 1. ஒரு கிரிக்கெட் டீமுக்குச் சரியாக இருக்கும். உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது. கட்டுரையாளரிடம் யாராவது சொல்லியிருக்கலாம்.

அரசு மருத்துவமனை டாக்டரம்மா வைத்திருந்த அந்த விளக்கு லென்ஸ், கைக்குள் அடங்குகிற டெர்மாஸ்கோப். உள்ளங்கால் ரேகையில் மேடும் பள்ளமும் இருக்கிறது அல்லவா? சாதாரண மச்சத்தின் கருமை பெரும்பாலும் பள்ளத்தில் ஓடுமாம். மெலனோமாவின் கருமை மேட்டில் ஏறி நிற்குமாம். ஜப்பானிய மருத்துவர்கள் கவனித்துச் சொன்னது என்று அவர் எனக்குப் படம் போட்டு விளக்கினார். கால்மணி நேரம் ஒதுக்கி ஒரு கிழவிக்கு இதை விளக்க அவருக்கு முடிந்தது.

உங்களுக்கு நான் எழுதுவது முதல் தடவை அல்ல. சர்க்கரை நோய்ச் சிறப்பிதழ் வந்தபோது இதே விஷயத்தை விரிவாக எழுதினேன். "மலர் அருமை, அட்டைப்படம் அதைவிட அருமை" என்ற என் முதல் இரண்டு வரியை மட்டும் வெளியிட்டீர்கள். மிக்க நன்றி. இந்த முறை பாராட்டு எதுவும் எழுதவில்லை, வெட்டி எடுக்க ஒன்றும் கிடைக்காது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கவசம் பற்றிய அந்தப் பத்திக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் சிவப்பழகு கிரீம் விளம்பரம், முழுப்பக்கம். கவசத்தைக் கும்பிடச் சொல்கிறீர்களா, கழற்றச் சொல்கிறீர்களா?

நான் கேட்பது ஒரு பெட்டிச் செய்திதான். உள்ளங்காலிலோ உள்ளங்கையிலோ புதிதாக வந்த கறுப்புப் புள்ளி, பெரிதாகிற அல்லது நிறம் மாறுகிற மச்சம், நகத்தில் விழுந்து அகலமாகிற அல்லது நகத்தைத் தாண்டிச் சுற்றுத் தோலுக்குப் பரவுகிற கறுப்புக் கோடு, கட்டுப் போட்டும் ஆறாத புண், இவை இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், பயாப்சி வேண்டுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள் என்று போட்டால் போதும். கூடவே நம் நிறத்துக் கால் ஒன்றின் படம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021-லிருந்து வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். வருகிறவர்கள் காலையும் திருப்பிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நீங்கள் எழுதினால் சுகாதாரத் துறையில் யாராவது படிப்பார்கள். நான் எழுதினால் யார் படிப்பார்கள்?

படம் கிடைக்காவிட்டால் என் கணவரின் காலை மருத்துவமனையில் எடுத்த படம் என்னிடம் இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
மயிலாடுதுறை.

பி.கு.: சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி உங்கள் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பெட்டிச் செய்தி வரட்டும், பார்க்கலாம்.